‘கைக்கு எவ்வளவு வருது?’: ஒரு வினாவின் இலக்கணம்

கல்லூரியில் இருக்கும்வரை ஒரு பிள்ளையை ஊர் பல கேள்விகள் கேட்கும். என்ன படிக்க, அரியர் இருக்கா, கேம்பஸ்ல கிடைச்சிருமா என்று விசாரணை நாலு கிளையாக ஓடும். வேலைக்குச் சேர்ந்து முதல்முறை ஊர் திரும்பியதும் அத்தனையும் வற்றி ஒரே வினா மிஞ்சுகிறது: ‘கைக்கு எவ்வளவு வருது?’ மாணவப் பருவம் எப்போது முடிகிறது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கடைசித் தேர்வு என்பார் உண்டு. பட்டமளிப்பு விழா என்பாரும் உண்டு. இவ்வினா முதன்முதலாகக் காதில் விழும் கணமே அது என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுக்களம் சங்கரன்கோவில். எழும்பூரில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் இங்கே இறங்கிவிடலாம் என்பதால், சனிக்கிழமைதோறும் ஆய்வுப்பொருள் முதுகுப் பையுடன் தானாகவே வந்து சேர்கிறது. அதைவிட முக்கியம், இது விசைத்தறி ஊர். சேலையை இறக்கினால் கூலி. வாங்கிய முன்பணத்துக்குக் கழித்தது போக மீதி கையில். இப்படிப் பழகிய ஊரில் ‘சம்பளம் எவ்வளவு’ என்று மொட்டையாக யாரும் கேட்பதில்லை. ‘கைக்கு’ என்று சேர்த்தே கேட்கிறார்கள்.

அந்தச் சேர்ப்பின் ஆழம் புரிய ஒரு கணக்கு போடுவோம். நியமனக் கடிதத்தில் சி.டி.சி., அதாவது கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு, ஆண்டுக்கு 3,60,000 ரூபாய். வகுத்தால் மாதம் 30,000. இதைத்தான் அப்பா தெருவில் அறிவித்திருக்கிறார். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று கொண்டால், 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், வருங்கால வைப்பு நிதிக்குப் போகிறது. கம்பெனி தன் பங்குக்குப் போடும் 1,800-ம் இந்த முப்பதாயிரத்துக்குள்ளேயே அடக்கம் என்பது பையனுக்கே முதல் மாதம்தான் தெரியவரும். கம்பெனிப் பங்கிலும் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் பிரிந்துபோய்விடும். பணிக்கொடைக்குச் சுமார் 720. அதைக் கண்ணால் பார்க்க வழக்கமாக ஐந்து வருடம் அங்கேயே இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டுக்கு 480 என்றும், ‘வேரியபிள்’ என்ற பெயரில் வந்தாலும் வரும், வராமலும் போகும் தொகை 2,000 என்றும் வையுங்கள். மிச்சம் 23,200. தொழில் வரி பிடிக்கும் மாதம் வந்தால் அதிலும் ஒரு கடி. அரசியலமைப்பின் 276-ஆம் பிரிவு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் கடிக்கக் கூடாது என்று தடுத்துவைத்திருப்பது ஒரு ஆறுதல்.

சம்பளச் சீட்டை விரித்தால் ஒரு பாதியில் வரவு, மறுபாதியில் பிடித்தம். காக்கும் பாதியும் அழிக்கும் பாதியும் ஒரே தாளில் நிற்கும் இக்காட்சி இவ்வூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. சங்கன், பதுமன் என்ற இரு நாகர்களின் வழக்கைத் தீர்க்க, கோமதியம்மன் தவமிருந்து வரவழைத்த சங்கரநாராயணர் கோலமும் இதுதான். அங்கே வலம் சிவன், இடம் திருமால். சீட்டில் பிடித்தம் இருப்பது தாளுக்கு வலமா, பார்ப்பவருக்கு வலமா என்ற சர்ச்சைக்குள் நாம் போக வேண்டாம்.

இனி இலக்கணம். வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று நன்னூல் வகுத்திருக்கிறது. சீயகங்கன் கேட்டுக்கொண்டதால் பவணந்தியார் நூல் செய்தார் என்று பாயிரம் சொல்கிறது. கைக்கு என்ன வந்தது என்று சொல்லவில்லை. போகட்டும். நம் வினாவின் வியப்பு, சொல் மாறாமலே ஆறு வகையாகவும் அது நிற்பதுதான்.

தன் மகனும் அதே மாதிரிக் கம்பெனியில் இருக்கும் பெரியப்பா கேட்டால் அறிவினா. தொகை அவருக்குத் தெரியும். பிள்ளை உண்மை பேசுகிறானா என்பதே சோதனை. ‘கைக்கு எவ்வளவு... கான்ட்ராக்டா, பெர்மனென்ட்டா?’ என்று மாமா இழுத்தால் ஐயம். கூடப் படித்தவர்கள் கேட்டால் கொளல். அது மட்டன் பிரியாணியில் போய்த்தான் முடியும். கோயில் கொடைக்கு வரி பிரிக்க நோட்டுடன் வருபவர் கேட்பதும் கொளல் வினாவே. கொடைக்காகக் கேட்பது கொடை வினா ஆகாததை மாணவர்கள் கவனிக்க. அசல் கொடை வினா தூரத்து உறவில் ஒரு அத்தை கேட்பது. அவரிடம் கொடுப்பதற்கு ஒரு மகள் இருக்கிறாள்.

ஏவல் வினா அப்பாவுடையது. அவர் நேரடியாகக் கேட்பதும் இல்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் பீரோவிலிருந்து மஞ்சள் பையை எடுக்கிறார். அதிலிருந்து பாஸ்புக், அதற்குள் நாலாக மடித்த பேங்க் கடிதம். கல்விக் கடனுக்குப் படிப்புக் காலமும் அதன்மேல் ஒரு வருடமும்தான் அவகாசம். கடிதத்தை நீவிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, ‘கைக்கு எவ்வளவுப்பா வருது?’ இவ்வினாவுக்கு அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வருவதில்லை. ஆனால் பாத்திரச் சத்தம் நின்றுவிடுகிறது.

விடைகளில் சுட்டு விடை இப்போது எளிது: போனில் வந்த பேங்க் மெசேஜைக் காட்டினால் போதும். ‘ஏன், ஒனக்கு எவ்வளவு?’ என்ற வினா எதிர் வினாதல் நண்பர்களிடம் மட்டுமே செல்லும், பெரியப்பாவிடம் எடுபடாது. ‘சாப்பாடு ஆபீஸ்லயே’ என்பது இனமொழி. ‘ஏப்ரல்ல ஏறும்’ என்பது உறுவது கூறல். உற்றது உரைத்தலுக்கு நல்ல சான்று ஆடித்தவசுத் திருவிழாவுக்கு வந்த ஒருவன் சொன்னது: ‘இந்த மாசம் ஒரு நாள் கட்டு.’ படிக்கிற காலத்தில் தவசுக் காட்சி அன்று உள்ளூர் விடுமுறை, கலெக்டர் ஆணை பார்த்துக்கொண்டது. சென்னை அலுவலகத்துக்கு அந்த ஆணை எட்டாது. பயிற்சிக் காலத்தில் லீவு கிடையாது. தவசு பார்த்தால் லாஸ் ஆஃப் பே.

அறியா வினா கேட்கிற ஒரே ஆள் ஆச்சி. நேர் விடை பெறுபவரும் அவர் ஒருவரே. ‘இருபத்திமூணு ஆச்சி.’ வயதுக்கும் வீட்டுத் திண்ணையில் தார் சுற்றிய கை. கணக்கு உடனே தட்டியது.

‘ஏய்யா, பேசுன கூலி முப்பதுன்னு ஒங்கப்பன் சொன்னான். மிச்சத்த மொதலாளிட்ட கேட்டியா?’

வைப்பு நிதி, ஓய்வூதியம் எல்லாவற்றையும் பேரன் பொறுமையாக விளக்கினான். ஆச்சி ஒன்றையும் விடாமல் கேட்டார்.

‘அப்பம் அந்த பென்ஷனு எப்பம் வரும்?’

‘அம்பத்தெட்டு வயசுல, ஆச்சி.’

‘அப்பம் எனக்கு என்ன வயசுய்யா ஆவும்?’

பேரன் சொன்னது எட்டு விடையிலும் சேராது. வேண்டுமானால் இனமே இல்லாத இனமொழி எனலாம்: ‘காபி குடிக்கியா ஆச்சி?’