புகை ஜோசியர்

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரிப் பட்டறை எதுவானாலும் எதிரே ஒரு டீக்கடை இருக்கும். அதன் பெஞ்சில் ஒரு புகை ஜோசியர் இருப்பார். சொந்தமாக லாரி கிடையாது. ஸ்பேனர் பிடித்த காய்ப்பும் கையில் இல்லை. வெள்ளை வேட்டியில் ஒரு சொட்டு கிரீஸைப் பார்க்க முடியாது. ஆனால் வயசான லாரி ஒன்று வெண்புகை கக்கிக்கொண்டு உள்ளே திரும்பினால், டிரைவர் இறங்குவதற்குள் பலன் சொல்லிவிடுவார்.

"கறுப்புன்னா டீசல் ஜாஸ்தி. நீலம்னா ஆயில் எரியுது. வெள்ளைன்னா தண்ணி குடிக்குது. புது இஞ்சின்தானுங்க!"

ஓனர் முகம் வெளிறும். ஜோசியருக்கு உற்சாகம் பிறக்கும். "கேஸ்கட் போயிருக்கலாம். ஹெட்டு விரிசல் விட்டிருக்கலாம். லைனர் ஓட்டையா இருக்கலாம். நாசில் ஒழுகினாலும் இதே புகைதான். பம்ப் டைமிங் தப்பியிருந்தாலும்..." ஒன்றையும் விடமாட்டார். வண்டி சூடாகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, தொங்கிப்போன ஃபேன் பெல்ட், வாட்டர் பம்ப் என்று இன்னொரு பட்டியல். பரிகாரம் மட்டும் எல்லா ராசிக்கும் ஒன்றே: "தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசுங்க!" வீசினால் விடியற்காலையில் எஞ்சின் சீக்கிரம் சூட்டுக்கு வராது, டீசல் முழுசாக எரியாது, அதற்கும் வெண்புகை வரும். அந்தப் புகைக்கும் இவரே பலன் சொல்வார்.

மெக்கானிக் வாயே திறக்கமாட்டார். கொதிக்கும் ரேடியேட்டரைத் திறந்தால் முகம் வெந்துவிடும் என்பதால் வண்டி ஆறும்வரை காத்திருப்பார். ஆறியதும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பார். ஆயில், ஜோசியர் கையிலிருக்கும் டீயின் நிறத்துக்கு வந்திருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. பிறகு ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, ஸ்டார்ட் செய்யச் சொல்வார். சைலன்சர் பக்கம் போய்ப் புகையை முகர்வார். கண் எரிந்தால் எரியாத டீசல். இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட். திரும்பி வந்து பார்த்தால் ரேடியேட்டரில் குமிழி நிற்காமல் கிளம்பிக்கொண்டிருக்கும்.

"கேஸ்கட் போயிருக்குங்ணா. ஹெட்டைக் கழட்டி, லேத்துல குடுத்து ஃபேஸ் அடிக்கோணும்."

"நாந்தான் மொதல்லயே கேஸ்கட்னு சொன்னேனே!" என்பார் ஜோசியர். பொய்யில்லை, சொன்னார்தான். கூடவே மற்ற எல்லாவற்றையும் சொன்னார்.

இத்தனைக்குப் பிறகும் ஓனர்தான் அவருக்கு டீ வாங்கிக் கொடுப்பார். புது இஞ்சின் என்று கேட்டதுமே மனுஷன் மனசுக்குள் சம்சாரத்தின் நகையை அடகு வைத்து, வட்டியும் கட்ட ஆரம்பித்திருப்பார். அப்புறம் மெக்கானிக் கேஸ்கட்டுக்கும் லேத்துக்கும் ஒரு தொகை சொன்னால், பேரம் பேசத் தோன்றுமா? "அவ்வளவுதானுங்களா?" என்று சந்தோஷமாக எடுத்துக் கொடுப்பார். மெக்கானிக் இந்த ஜோசியரை இன்றுவரை விரட்டாததன் ரகசியம் இதுதான்.