பொதிகை உதிர்த்த மண்: கேள்வி-பதில்

கேள்வி: தாமிரபரணி ஆற்றில் இறங்கினால் காலடியில் மணல் நறநறக்கிறது. எங்கிருந்து வந்தது? (முக்கூடல்)

பதில்: உங்களுக்கு முன்பே பொதிகை மலை ஆற்றில் இறங்கிவிட்டது! மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்து லேசான அமிலமாகிறது. பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தை அது மெல்லக் களிமண்ணாக்கும். குவார்ட்ஸ் என்ற கனிமமோ மசியாது. அந்தப் பிடிவாதக்காரர்தான் மணல்.

கேள்வி: பொதிகை மலைப்பாறைக்குச் சார்னோக்கைட் என்று ஏன் பெயர்? (திருநெல்வேலி)

பதில்: கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-இல் வைத்த பெயர். அதே வகைப் பாறைதான் சென்னைப் பல்லாவரத்திலும் இருக்கிறது.

கேள்வி: எங்கள் செவல் மண் ஏன் சிவப்பு? (ஆலங்குளம்)

பதில்: மழையில் கிடந்த மண்வெட்டியைப் பாருங்கள். பாறைக்குள் இருந்த இரும்பும் அப்படித்தான் துருப்பிடித்தது. தேரிக்காட்டு மணலைச் சிவக்க வைத்ததும் இதே துருதான்.

கேள்வி: அப்படியானால் எங்கள் கரிசல் மண் எப்படி உண்டானது? (கோவில்பட்டி)

பதில்: மழை குறைவு, நீர் எளிதில் வடியாத சமவெளி. கால்சியமும் மக்னீசியமும் கழுவிப் போகாமல் தங்கியதால், நனைந்தால் உப்பி, காய்ந்தால் வெடிக்கும் களி பிறந்தது. பாறை மட்டுமல்ல, தண்ணீர் போகிற வழியும் மண்ணின் குணத்தை எழுதுகிறது.

கேள்வி: கோபுரத்தில் முளைத்த அரசங்கன்றால் என்ன கெடுதல்? (அம்பாசமுத்திரம்)

பதில்: நூல் நுழையும் வெடிப்பில் புகுந்த வேர் பருத்தால் கல் பிளக்கும். மலையில் இது மண் பிறக்கும் வழி. கோபுரத்தில் கோபுரமே போகும். கன்றிலேயே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மணலை அள்ளினால் அடுத்த வெள்ளத்தில் வந்துவிடாதா? (சேரன்மகாதேவி)

பதில்: வெள்ளம் மணலைச் சுமக்கும், உண்டாக்காது. சுமந்ததில் பெரும்பங்கு அணைகளில் படிந்துவிடும். 2010-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. மணல்தான் ஆற்றின் தண்ணீர்ப் பானை. பானையை விற்றுவிட்டுத் தாகத்துக்கு எங்கே போவது?

கேள்வி: ஓர் அங்குல மண் உருவாக எத்தனை நாள் ஆகும்? (பள்ளி மாணவி, பாப்பாக்குடி)

பதில்: நாள் கணக்கு போதாதம்மா, பல நூறு ஆண்டுகள் ஆகும். வரப்பில்லாத சரிவில் அது சில மழையிலேயே ஓடிவிடும். ஒரு பிடி மண்ணைக் கண்ணாடிக் குப்பியில் நீர் விட்டுக் குலுக்கி, இரவு முழுக்க வைத்துப் பார். மேலே களி, நடுவில் நுண்பொடி, அடியில் மணல் படிந்திருக்கும். அந்த அடிமணலைத் தொட்டுப் பார், நீ தொடுவது ஒரு மலையை.