எந்த ஐ7 கண்ணு?

ஏங்கண்ணு, ஐ5 வேண்டாம், ஐ7-தான் வேணும், 15,000 ரூபாய் கூடப் போனாலும் பரவால்லைன்னு உங்கம்மாகிட்ட ஒத்தக்கால்ல நிக்கறியாமா? நில்லு, நில்லு. எளந்தாரிப் பையன், காலு வலிக்காது. பணம் மாப்பிள்ளையோடது, அதுவும் உனக்கு வலிக்காது.

நீ பார்த்து வெச்சிருக்கற ரண்டு லேப்டாப்போட விவரத்தையும் உன்ற தங்கச்சியைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். காலம்பூரா மோட்டாருக்குக் காயில் கட்டுனவன் நானு. நேம் பிளேட்டைப் படிக்காம ஒண்ணையும் தொட்டதில்லை. ஒண்ணுல ஐ5-1235யூ, இன்னொண்ணுல ஐ7-1255யூ. ரண்டும் இன்டெல்காரன் 2022-ல விட்ட சிப்பு. இதுலயும் 10 கோரு, அதுலயும் 10 கோரு. ரண்டு பெருசு, எட்டு சிறுசுன்னு பிரிச்சுப் பார்த்தாலும் அதே கணக்குத்தான். கேஷ் ரண்டுலயும் 12 எம்பி. அடிப்படை வாட் ரண்டுக்கும் 15. அப்புறம் எங்கதான் வித்தியாசம்னா, உச்ச வேகம் இதுல 4.4 கிகாஹெர்ட்ஸ், அதுல 4.7. கிராபிக்ஸ் யூனிட்டு இதுல 80, அதுல 96. அந்த உச்சத்துலதான் எத்தனை நேரம் நிக்கும்? அப்பளமாட்ட மெல்லிசான டப்பாவுக்குள்ள குட்டியூண்டு ஃபேனு. சூடேறுச்சுன்னா ரண்டும் வேகத்தைக் கொறச்சுக்கிட்டு ஒண்ணு போலத்தான் நடக்கும்.

இன்னொரு கூத்தைக் கேளு. அதே வருசத்து ஐ5-1240பி-ல 12 கோரு! அண்ணங்காரனுக்கு 10, தம்பிக்காரனுக்கு 12. நெம்பரைப் பார்த்து மயங்குன நீ, கடைசி எழுத்தைப் பார்க்க வேண்டாமா சாமி? யூ-ன்னா கரண்டை எண்ணி எண்ணிச் செலவு பண்ற சிக்கனக்காரன். ஹெச்-ன்னா 45 வாட் தின்னுட்டு வேலை செய்யறவன். ஐ7-12700ஹெச்-ல 14 கோரு, அது நெசமாவே மலையைப் பொரட்டும். நீ வீடியோ எடிட்டிங் பண்றவனா, முப்பரிமாணப் படம் வரையறவனா இருந்தா நானே மாப்பிள்ளைகிட்டப் பேசி வாங்கித் தந்திருப்பேன். நீ பண்றது எக்செல்லு, ஆன்லைன் கிளாஸு, அந்தக் கிளாஸு ஓடறப்பவே பக்கத்து ஜன்னல்ல கிரிக்கெட்டு.

இப்ப இருக்கறது இழுக்குதுன்னியே, எது இழுக்குதுன்னு பார்த்தியா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் ஒருசேர அமுத்து. டாஸ்க் மேனேஜர் வரும். குரோமுல உன்ற வழக்கப்படி டேப்பை வரிசையாத் தொறந்து வெச்சுட்டு அதைப் பாரு. சிபியு 20 சதவீதத்துல தூங்கிட்டு, மெமரி 90-ஐத் தாண்டி நாக்குத் தள்ளிட்டு நின்னா, குத்தம் சிப்பு மேல இல்லை. கிணத்துல ஊத்து இல்லாதப்ப அஞ்சு எச்பியைத் தூக்கிட்டு ஏழரை எச்பி மோட்டாரை எறக்குனவனை நம்மூர்ல என்ன பேரு சொல்லிக் கூப்புடறாங்கன்னு உங்கம்மாகிட்டக் கேளு.

பழசுல சுத்தற ஹார்ட் டிஸ்க் இருந்தா எஸ்எஸ்டி மாத்திப் பாரு, ஆளே மாறிப்போகும். ஆனா அது விண்டோஸ் 11-ஐ ஏத்துக்குதான்னு மொதல்ல பார்த்துக்கோ; 10-க்கு மைக்ரோசாப்ட்டுக்காரன் 2025 அக்டோபர் 14-ஓட கடையைச் சாத்திட்டான். ஏத்துக்கலைன்னா புதுசே வாங்கு, நான் தடுக்கலை. ஐ5-லயே 16 ஜிபி ராம் போட்டது வாங்கு. சிப்பைப் பின்னால மாத்திக்கலாம்னு எவனாவது சொன்னா நம்பிறாதே, இப்பத்தி லேப்டாப்புல அதை மதர்போர்டோட சேர்த்துப் பத்த வெச்சிருப்பான். சில மாடல்ல ராமுக்கும் அதே கதிதான். ஸ்லாட் இருக்குதான்னு கேட்டுக்கோ.

கடைக்காரன், "தம்பி, ஐ7 எடுங்க, அஞ்சு வருசத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை"ம்பான். எந்த ஐ7, கடைசி எழுத்து என்ன, ராம் எத்தனைன்னு மட்டும் கேளு. முழிச்சான்னா போனை அவங்கிட்டக் குடு, அப்புச்சி பேசிக்கறேன்.