பந்தல் போட்டாச்சு, பந்திக்கு ஆள் எங்க பேராண்டி?

பேராண்டி, போன வாரம் வந்தவன் என் போனைப் புடுங்கி, "தாத்தா, இனிமே நமக்கு இதுதான்"னு ஒரு ஆப்பை ஏத்திக் குடுத்துட்டு மெட்ராஸ் பஸ் புடிச்சிட்ட. அரட்டை. பேரு நல்ல பேருதான். எங்க காலத்துல அதைப் பண்ணினா வேலைவெட்டி இல்லாதவன்னு ஏச்சு வாங்குவோம். இப்ப அதை ஏத்திக்கலைன்னா உன்கிட்ட ஏச்சு வாங்குறோம்.

நானும் திண்ணையில குந்தி, கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கினு உள்ள போயிப் பாத்தேன். மொழுகிக் கோலம் போட்ட வூடு மாதிரி பளிச்சுனு கெடக்குது. ஆனா ஈ காக்கா இல்ல. நீ ஒருத்தன், நம்ம உரக்கடைக்காரரு ஒருத்தரு, அப்புறம் ஏழெட்டு வருசம் முன்ன போர் போட வந்தப்ப நம்பர் வாங்கி வெச்ச ஒரு ஆளு. அவரு மூஞ்சிகூட எனக்கு ஞாபகமில்ல. சரி, போவட்டும்னு உரக்கடைக்காரருக்கு ராத்திரி ஒரு வணக்கம் போட்டேன். காலையில அவரு வாட்ஸ்அப்புல வந்து, "ஐயா, அரட்டையில என்னமோ அனுப்பியிருக்கீங்க போல, என்னா விசயம்?"னு கேக்குறாரு.

சரக்கு மட்டம்னு நான் சொல்லல. அதைச் செஞ்ச ஸ்ரீதர் வேம்புவோட ஸோஹோ கம்பெனி 1996-ல ஆரம்பிச்சு உலகம் பூரா கணக்கு வழக்கு சாப்ட்வேர் வித்துக்கினு கெடக்குது. அந்த மனுசனும் அமெரிக்காவ வுட்டுட்டு வந்து தென்காசி பக்கம் மத்தளம்பாறையில குந்திக்கினு வேட்டியோட வேலை பாக்குறாரு. கெட்டிக்காரரு. சிக்னல் மெலிஞ்ச எடத்துலயும் பழைய போன்லயும் ஓடுற மாதிரி அரட்டையச் செஞ்சிருக்கோம்னு சொல்றாங்க. நம்ம கல்வராயன் மலைக்கு மேல போனா ஒரு கோடு வரும், ஒரு கோடு போவும். அங்க இருக்குறவனுக்கு இது நல்ல சேதிதான். 2021 ஜனவரியில தொறந்த கடை, நாலு வருசம் கேப்பாரில்லாம கெடந்துச்சு. 2025 செப்டம்பர்ல மத்திய மந்திரியே சுதேசிச் சரக்கு வாங்குங்கன்னு சொல்லப்போவ, ஒரு நாளைக்கு 3,000 பேரு சேந்துக்கினு இருந்த எடத்துல மூணே நாள்ல 3.5 லட்சம் பேருன்னு ஆச்சு. வேம்புவே அதைச் சொன்னாரு. நீயும் அந்தக் கும்பல்ல ஒருத்தன். அப்புறம் சில வாரத்துல கூட்டம் வடிஞ்சு, டவுன்லோடு பட்டியல்ல கீழ எறங்கிப்போச்சு. நீ இப்பதான் மிச்சக் கோலப்பொடிய எடுத்துக்கினு வந்து என் வாசல்ல போடுற.

உளுந்தூர்பேட்டை சந்தைக்கு ஆடு ஓட்டிக்கினு போறானே, எதுக்குப் போறான்? வாங்குற யாவாரி அங்க வர்றான். யாவாரி எதுக்கு வர்றான்? ஆடு அங்க வருது. அவ்வளவுதான் சூட்சுமம். நீ நம்ம கெடிலத்துக் கரையோரமா சிமெண்டுத் தரை போட்டு, தண்ணித்தொட்டி கட்டி, சுங்கமும் கெடையாதுன்னு தண்டோரா போடு. மொத வாரம் எல்லாரும் வருவான், வேடிக்கை பாக்க. ரெண்டாவது வாரம் ஆட்டை ஓட்டிக்கினு உளுந்தூர்பேட்டைக்கே போவான். உன் தரை வழவழன்னு இருக்குதுன்னு ஆடு வந்து சொல்லுமா?

என் வாட்ஸ்அப்புல என்னா இருக்குதுன்னு நெனைக்கிற? பால் சொசைட்டி குரூப்பு, நூறு நாள் வேலை குரூப்பு, சீட்டு குரூப்பு, உன் அத்தைமாருங்க நாலு பேரும் சண்டை போட்டுக்கற குரூப்பு. அந்தச் சண்டையத் தனியா ஒருத்தியக் கூட்டிக்கினு போயி வேற எடத்துல போட முடியாது. ஒரு கன்னுக்குட்டிய அவுத்துக்கினு போனா அது கத்திக்கினே திரும்பி ஓடியாரும். மந்தையே நகரணும். இந்தியாவுல மட்டும் 50 கோடிப் பேருக்கு மேல கட்டிக் கெடக்குற பட்டி அது.

பணம் இருந்தா நகத்திப்புடலாம்னு நெனைக்காத. பணக்காரன் பட்ட பாடு உனக்குத் தெரியாது. கூகுளு எம்மாம் பெரிய மிராசு? ஆர்குட்னு ஒரு பண்ணை வெச்சிருந்தான், 2014-ல மூடினான். கூகுள் பிளஸ்னு 2011-ல புதுசா ஒண்ணு போட்டான், 2019-ல அதையும் மூடினான். ஏர்டெல் மிட்டலோட புள்ள ஹைக்னு ஒண்ணு 2012-ல ஆரம்பிச்சாரு. அப்பாரு ஊரு பூரா டவர் நட்டவரு. 10 கோடிப் பேரு இருக்காங்கன்னு 2016-ல சொன்னாங்க. 2021 ஜனவரியில கதவைச் சாத்திட்டாங்க. பாரு, அரட்டை தொறந்த அதே மாசம்! ஒரு வூட்டுல எழவு, பக்கத்து வூட்டுல பேரு வைக்கிற விழா.

அப்புறம் அந்த மஞ்சக் குருவி, கூ. டுவிட்டர்காரனுக்கும் டெல்லிக்காரங்களுக்கும் வெவசாயிங்க போராட்டத்தப்போ வாய்த்தகராறு வந்துச்சே, அந்த நேரத்துல மந்திரிங்க எல்லாம் அங்க போயி குந்தினாங்க. 2024 ஜூலையில குருவி பறந்துபோச்சு. மந்திரி வந்து பந்தக்கால் நட்டா கூட்டம் வரத்தான் செய்யும். பிரியாணி அண்டா காலியானதும் அந்தக் கூட்டத்தைத் தேடிப்பாரு.

சர்க்காரே எதிராளியை அடிச்சு வெரட்டினா புதுசுக்கு வாழ்வு வரும்னு சொல்லுவ. அதையும் பாத்தாச்சு. 2020 ஜூன் 29-ந் தேதி டிக்டாக்கைத் தடை பண்ணினாங்க. 20 கோடிப் பேரு ஆடிக்கினு இருந்த களம் ஒரே ராத்திரியில தரிசாப் போச்சு. சிங்காரி, மோஜ், ஜோஷ்னு நம்மாளுங்க ஏரைப் பூட்டிக்கினு ஓடினாங்க. பக்கத்துக் கொல்லைக்காரன் இன்ஸ்டாகிராம் என்னா பண்ணினான்? பத்து நாளு முடியறதுக்குள்ள வரப்பை வெட்டி ரீல்ஸ்னு ஓட்டிட்டான். செப்டம்பர்ல யூடியூப்காரன் ஷார்ட்ஸ்னு இந்தியாவுலதான் மொதல்ல வெதை தூவினான். வேலி யாருக்காகப் பிரிச்சாங்களோ, மேய்ஞ்சது என்னமோ பெரிய மாடுங்கதான்.

அப்ப புதுசு ஜெயிக்கவே ஜெயிக்காதான்னு மூஞ்சியத் தூக்காத. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரிய வெரட்டின கதை உன் கையிலயே இருக்குது. வாட்ஸ்அப்பே வந்தேறிதானே? 2009-ல பொறந்தது. அதுக்கு முன்ன எஸ்எம்எஸ்னு ஒண்ணு ராச்சியம் பண்ணுச்சு. மாசத்துக்கு இத்தனைன்னு பணம் கட்டி வெச்சிருப்போம். தீபாவளி, பொங்கலுன்னு வாழ்த்து சொல்ல வேண்டிய அன்னிக்குப் பாத்து, இன்னிக்குப் பேக்கு செல்லாது, ஒவ்வொண்ணுக்கும் தனிக் காசுன்னுடுவானுங்க. திருவிழா அன்னிக்கு வாடகைய ஏத்துற வண்டிக்காரன் மாதிரி. வயிறு எரிஞ்சிருந்த ஜனத்துகிட்ட ஓசின்னு வந்தான். அதுவும், "எவனையும் வுட்டுட்டு வா"ன்னு சொல்லல. போன்ல இருக்குற நம்பரையே உறவாக்கிக்கிட்டான். 2014-ல பேஸ்புக்காரன் 1,900 கோடி டாலரு குடுக்குறேன்னு வாங்கினது நம்ம மாமன் மச்சான் நம்பருங்களைத்தான். இப்ப நீ ஓசியோட மோத வந்திருக்கற. ஓசியை எந்த வெலையில வித்து ஜெயிப்ப?

ஓசின்னாலும் ஓலை இருக்குதுடா. ஓலை விசயம் நம்ம திருநாவலூர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேணாம். நம்ம சுந்தரரு கல்யாணப் பந்தல்ல, தாலி கட்டுற நேரத்துக்கு ஒரு கெழவன் வந்து நின்னானே, "உங்க பாட்டன் எழுதிக் குடுத்த அடிமை ஓலை இது, நீ எனக்கு ஆளு"ன்னு. மாப்பிள்ளைக்கு வந்த கோவத்துக்கு ஓலையப் புடுங்கிக் கிழிச்சுப் போட்டாரு. கெழவன் அசரல. "கிழிச்சது படி ஓலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர்ல பத்திரமா இருக்குது"ன்னான். நீ கோவத்துல ஆப்பை அழிக்கிற பாரு, அப்பல்லாம் எனக்கு அந்தக் கெழவன் சிரிப்புதான் ஞாபகம் வரும். 2021-ல வாட்ஸ்அப்புக்காரன் நம்ம தகவலைப் பத்தின ஓலையில புது வாசகம் எழுதுறான்னு ஊரே கத்துச்சு. சிக்னலுக்குப் போறேன், டெலிகிராமுக்குப் போறேன்னு சபதம் எல்லாம் போட்டாங்க. அந்தச் சபதத்தை எல்லாம் நான் படிச்சதே வாட்ஸ்அப்புலதான்.

தூது விசயத்துலயும் நம்ம சுந்தரருதான் முன்னோடி. சம்சாரம் பரவையாரு கோவமா இருக்காங்கன்னு திருவாரூர் வீதியில சாமியையே தூது அனுப்பினாரு. மொதத் தடவ அர்ச்சகர் வேசத்துல போனாரு, அம்மா மொகங்குடுக்கல. ரெண்டாவது தடவ தன் வேசத்துலயே போனாரு, நீலக்கோடு ரெண்டும் வுழுந்துடுச்சு. நடுவுல ஒருத்தன் பிரிச்சுப் படிச்சிருப்பானா? சேக்கிழார் எழுதி ஊருக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு, அது வேற கதை. அரட்டையில ஆரம்பத்துல பேச்சுக்கு மட்டும் பூட்டு இருந்துச்சு, எழுத்துக்கு இல்ல. ஊருல நாலு பேரு கேட்டப்புறம்தான் அதைச் செய்யப் போனாங்க. சம்பந்தி வூட்டுக்காரனைக் கூட்டி வெச்சுட்டு, கதவுக்குத் தாப்பா பின்னாடி போடறேன்னு சொன்ன கதை.

இதுல வேம்பு சொன்ன ஒரு பேச்சு எனக்குப் புடிச்சிருக்குது. பணம் அனுப்புற யுபிஐ மாதிரி, இந்தச் சேதி ஆப்புங்களும் ஒண்ணோட ஒண்ணு பேசணுங்கறாரு. அதுதான் சரியான நாடி. நீ ஜிபேயில குடுக்குற, டீக்கடைக்காரன் போன்பேயில வாங்குறான்; டம்ளர் கழுவற நேரத்துல "டிங்"குன்னு கத்துது. ஜியோ 2016-ல வந்து எப்படி ஊரையே வாரிச்சு? ஜியோவுல இருந்து ஏர்டெல்லுக்குப் பேச முடிஞ்சுது. ஜியோக்காரன் ஜியோக்காரனோட மட்டும்தான் பேசணும்னு இருந்திருந்தா, அவங்க குடும்பமே ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கினு கெடக்க வேண்டியதுதான். ஐரோப்பாக்காரன் சட்டம் போட்டு, வாட்ஸ்அப்பு வூட்டுல வெளியாளுக்கும் ஒரு வாசல் வுடச் சொல்லியிருக்கான். இங்க அந்தச் சட்டம் வர்ற வரைக்கும், புதுக் கடைக்காரன் தோசைய எம்மாம் முறுகலாச் சுட்டாலும் சாம்பார் பழைய கடையிலதான்.

அதுவரைக்கும் என்னா பண்றதுன்னு கேட்டியே, ஒண்ணு சொல்றேன். சனம் ஒரு எடத்துக்கு வர்றது உறவுக்காரன் இருக்கான்னு. ஓடிப்போறதும் உறவுக்காரன் வந்துட்டான்னு. நீ எதுக்கு பேஸ்புக்கை வுட்டு இன்ஸ்டாகிராமுக்குப் போன? நான் பேஸ்புக்குக்கு வந்தேன், உன் ஒவ்வொரு போட்டோவுக்கும் கீழ "மொட்டை போட்டு முடி எடுடா"ன்னு எழுதினேன். உன்னை வெரட்டினது நான்தானே? கூட்டம் இல்லாத கடைக்கும் ஒரு யாவாரம் உண்டு பேராண்டி, அதை உங்க பாட்டிகிட்ட கத்துக்க.

நீ அவ போன்லயும் அரட்டைய ஏத்திட்டுப் போனியே, அவ அழிக்கல. உங்க அம்மாவையும் உள்ள இழுத்து வெச்சிருக்கா. வாட்ஸ்அப்புல தங்கச்சியோட பேசறா, அரட்டையில தங்கச்சியப் பத்திப் பேசறா. நேத்து தங்கச்சிக்காரி போன் பண்ணி, "அக்கா, அரட்டைன்னு ஒண்ணு இருக்காமே, எனக்கும் ஏத்திக் குடுக்கச் சொல்லேன்"னு கேட்டா. உங்க பாட்டி ஒடனே, "ஐயையோ, அது சீனாக்காரனுது, போன் வெடிச்சிடும்"னு சொல்லி வெச்சிட்டா.