பாட்டு பிறக்கும் இடம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நுவரெலியாவின் மூடுபனியையும் அருவிகளையும் தினந்தோறும் கண்டுகொண்டிருக்கும் நமக்குக் கவிதை ஏன் தானாகச் சுரப்பதில்லை? (ஒரு வாசகர், பொகவந்தலாவை)

பதில்: பனிதான் கவிஞனை உண்டாக்குமென்றால், பிதுருதலாகல மலையடிவாரத்தில் பிறந்த குழந்தைகள் எல்லாம் விருத்தம் பாடிக்கொண்டே தவழ்ந்திருக்கும். இரண்டு நாள் தங்கிப்போக வந்தவருக்குப் பனி ரம்மியமான காட்சி; இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, கால்விரலிடுக்கில் அட்டை ஏற, விடிந்தும் விடியாததுமாக நிரை பிடிக்கவேண்டியவளுக்கோ அது நனைந்த சேலையின் குளிர். ஆகையினால்தான் நம் தோட்டங்களில் வழங்கிவரும் நாட்டார் பாடல்களில் கங்காணியின் அதட்டலும், கணக்குப்பிள்ளை போடும் பேரும், மன்னார்க் காட்டு வழியில் மாண்டவர்களின் நினைவும் அத்தனை ஜீவனோடு நிற்கின்றன. உத்வேகத்தின் ஊற்றுக்கண் இம்மலைநாட்டில் காதிலேதான் திறந்தது என்பது என் திடமான அபிப்பிராயம்.

கேள்வி: ஆங்கிலத்தில் கவிதை எழுதிய சி.வி. வேலுப்பிள்ளையை மலையகத்தின் கவி என்று நாம் கொண்டாடுவது எங்ஙனம் பொருந்தும்? (ஒரு வாசகர், தலவாக்கலை)

பதில்: உங்கள் ஊரிலிருந்தே இக்கேள்வி வந்திருப்பது எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தருகிறது, 1947-இல் அவரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பிய தொகுதி தலவாக்கலை அல்லவா! பூண்டுலோயாவை அடுத்த மடகொம்பரைத் தோட்டத்தில் 1914-இல் பிறந்த அவர், தோட்டத்துக் குழந்தைகளுள் வெகு சிலருக்கே எட்டிய ஆங்கிலக் கல்வியைப் பெற்றும், அந்தக் கல்வி தம் செவியை அடைத்துவிட இடங்கொடாமல், விடியற்காலையில் ஆட்களைப் பிரட்டுக்கு எழுப்பும் தப்போசையைத் தம் ஆங்கில வரிகளுக்குள்ளேயே ஒலிக்கச் செய்தார். 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தம்மைத் தேர்ந்தெடுத்த ஜனங்களையே நாடற்றவராக்கிய பின்னர், 1954-இல் வெளிவந்த அவருடைய ஆங்கிலக் காவியத்தைச் சக்தீ அ. பாலையா ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழாக்கித் தந்தபோது, பாட்டு தான் பிறந்த லயத்துக்கே திரும்பி வந்தது. அவரைக் கொண்டாட இதனினும் பெரிய காரணம் வேறொன்றுண்டு. பெயர் தெரியாத தொழிலாளர் பாடிய பாடல்களைக் கேட்டுக் கேட்டுத் திரட்டி, ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று 1983-இல், தாம் மறைவதற்கு முந்தின வருஷம், நூலாக்கி வைத்தார். தாம் பருகிய ஊற்று எதுவென்று ஒரு கவி இவ்வளவு பகிரங்கமாகக் காட்டிச் செல்வது அபூர்வம்.

கேள்வி: தேநீர் குடித்தால் எழுத வருமா? (ஒரு மாணவர், மஸ்கெலியா)

பதில்: தூக்கம் போகும். அதற்கு மேலும் தேயிலையிடம் கேட்பது பேராசை; மீதியைப் பறித்தவளிடம் கேளுங்கள்.

கேள்வி: பகலெல்லாம் கொழுந்து எடுத்து, மாலையில் சமைத்து, ஒரே காம்பராவில் ஆறு பேரோடு இருக்கிறேன். அமைதியான இடமில்லாதவளுக்கு எழுத்து வருமா? (ஒரு வாசகி, அட்டன்)

பதில்: வரும், அம்மா. உங்கள் அட்டனை நிலைக்களமாகக் கொண்டு கோ. நடேசய்யர் தொழிற்சங்கம் வளர்த்த அந்நாளில், அவருடைய மனைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடிய பாடல்கள் சந்தடியின் நடுவே, ஜனங்களுக்குப் பழக்கமான மெட்டுக்களிலேயே பிறந்தவை. துரைமாரின் அனுமதியின்றி வெளியார் தோட்டத்தில் காலடி வைக்கவும் இயலாத அக்காலத்தில், மனிதர் நுழைய முடியாத இடத்திலும் பாட்டு நுழைந்துவிட்டது. எழுதப் பொருளும் உங்கள் கையிலேயே இருக்கிறது: என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்னும் சிறுகதை, நீங்கள் நாள்தோறும் தராசில் வைக்கும் அந்தக் கொழுந்தைச் சுற்றியே எழுந்து நம் இலக்கியத்தில் நிலைத்துவிட்டது. நீங்கள் தனியறைக்காகக் காத்திராமல், நிரையில் நிற்கும்போது மனத்தில் ஓடும் வரியை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழக்கிக்கொள்ளுங்கள். இரவில் எழுத ஐந்து நிமிஷம் போதும்.

கேள்வி: நேரில் காணாததை எழுதலாமா? (ஒரு வாசகர், இராகலை)

பதில்: பாரதியார் பிஜித் தீவுக்குப் போனதில்லை, ஆயினும் அங்கே கரும்புத் தோட்டத்தில் வதைபட்ட நம் பெண்களுக்காக அவர் பாடியது இன்றும் நெஞ்சைப் பிழிகிறது. கடலுக்கு அப்பாலிருந்து வந்த அழுகை அவர் காதில் விழுந்தது. காது கேளாதவனைத் தோட்டத்தின் நடுவிலேயே குடிவைத்தாலும் பயனில்லை.

கேள்வி: என் பாட்டி முணுமுணுக்கும் தாலாட்டுக்களையும் ஒப்பாரிகளையும் எழுதிவைத்தால் மதிப்புண்டா? (ஒரு வாசகி, நாவலப்பிட்டி)

பதில்: இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களுள் என்னைப் பரபரப்படையச் செய்தது உங்களுடையதே! அடுத்த விடுமுறை நாள்வரை தள்ளிப்போடாதீர்கள். பாட்டி சொல்லும் உச்சரிப்பிலேயே, ஓரெழுத்தும் திருத்தாமல் எழுதுங்கள். எந்தத் தோட்டத்தில், எந்த வேலையின்போது, யாரிடம் கற்றார் என்பதையும் கேளுங்கள். நடுவில் அவர் மறந்து நிற்கும் இடத்தை நீங்களாக இட்டு நிரப்பாமல் வெற்றிடமாகவே விடுங்கள், அடுத்த லயத்துப் பாட்டிக்கு அவ்வரி நினைவிருக்கக்கூடும்.