பேய்ச்சிரிப்புப் படங்கள் குறித்த திகாம் பத்துக் கருத்துகள்: ஒரு முன்னாய்வு

பேயும் நகைச்சுவையும் கலந்த படத்தைப் பற்றி ஒருவர் சொல்லும் கருத்து, அதைச் சொல்லும்போது அவர் வீட்டுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. இவ்விதி எல்லா ஊருக்கும் பொருந்தக்கூடும். ஆனால் கெடா மாநிலத்தின் திகாம் பத்துவில் அது வெறுங்கண்ணுக்கே தெரியும். சுங்கைப்பட்டாணிக்குத் தெற்கே, பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த சிற்றூர் அது. படம் பார்க்கப் பட்டணம் போக வேண்டும். பார்த்துவிட்டு இருட்டில் திரும்ப வேண்டும். ஆய்வுக்கு இது போதும்.

ஊர்ப்பெயரும் ஒத்துழைக்கிறது. மலாயில் ‘திகாம்’ என்றால் குத்துதல். கடையில் பிள்ளைகள் காசு கொடுத்துச் சீட்டுக் கிழித்து, விழுந்த எண்ணுக்கு ஏற்ப மிட்டாயோ பலூனோ வாங்கிப்போகும் விளையாட்டுக்கும் ‘திகாம் திகாம்’ என்றே பெயர். ‘பத்து’ என்றால் கல், மைலையும் குறிக்கும். தமிழிலும் ‘நாலு கல் தூரம்’ என்பதுண்டு. ஆகவே, குருட்டாம்போக்கில் சீட்டுக் கிழித்து உள்ளே போய், திரும்பும் வழியில் கல்லுக்குக் கல் கருத்தை மாற்றிக்கொள்வோர் ஊர் எனப் பொருள் கொள்ளலாம். இடப்பெயர் ஆய்வாளர்கள் இதை ஏற்கமாட்டார்கள்; அவர்கள் இரவுக் காட்சிக்குப் போவதில்லை.

கெடாவுக்கு இத்துறை புதிதல்ல. பழங்கதையில் வரும் ராஜா பெர்சியோங், சமைப்பவரின் விரல் வெட்டுப்பட்டுக் கீரையில் சொட்டிய இரத்தத்தைச் சுவைத்து, பிறகு அதையே கேட்கத் தொடங்கி, கோரைப்பல் முளைத்த அரசர். தப்பி ஓடியவர் பல்லைப் பிடுங்கி எறிந்த இடமே பாலிங் என்பார்கள். அச்சொல்லுக்கு எறிதல் என்று பொருள். அடுப்படி விபத்தில் தொடங்கிப் பல் பிடுங்குவதில் முடியும் இதைப் பேய்ச்சிரிப்பின் மூலநூலாகக் கொள்ளத் தடையில்லை. 1968இல் இது படமானபோது கதை எழுதியவர் அலோர் ஸ்டாரில் பிறந்தவரும் அன்றைய பிரதமருமான துங்கு அப்துல் ரஹ்மான். ஆளுகிறவரே இரத்தம் குடிக்கும் ஆட்சியாளரைப் பற்றி எழுதியது உலக அரசியலில் அரிது.

அதற்கு முன்பே, 1957இல், நாடு விடுதலை பெறச் சில மாதம் இருக்கையிலேயே மலாய்ப் பெண்பேயான பொந்தியானாக் திரைக்கு வந்துவிட்டாள். நடித்தவர் மரியா மெனாடோ. இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.என். ராவ். மறு ஆண்டு எண்ணெய் பூசிய பேய்மனிதன் ஓராங் மிஞ்ஞாக்கைத் திரையில் ஓடவிட்டவர்களுள் ஒருவர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன். மலாய்ப் பேய்க்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நம்மாள்தான் என்று பெரியவர்கள் சொல்லிக்கொள்வதில் பாதியாவது உண்மை.

அடுத்தது பார்வையாளரின் தகுதி. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துப் பால்மர நிரைக்குப் போய் மரம் வெட்டியவர்களுக்கு இருட்டு வேலை நேரம். சருகில் காலடி, பால்மரக் காய் வெடிக்கும் சத்தம், பூவே இல்லாத இடத்தில் பூ வாசம் எல்லாம் பட்ட பிறகும் கணக்கு மரத்தை வெட்டி முடித்துப் பால் எடுத்து வந்தவர்கள் அவர்கள். ஆகையால் பேய் பயமுறுத்துகிறதா என்று கேட்கமாட்டார்கள். ஒழுங்காக வேலை பார்க்கிறதா என்றுதான் கேட்பார்கள். கதவை ஆட்டி, விளக்கை அணைத்து, இடைவேளை வரை முகம் காட்டாத பேயை, பேர் போட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் ஆளை மேற்பார்க்கும் தண்டல் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

இவர்களிடம் ‘காஞ்சனா’ (2011) பெற்ற மதிப்பு தனியானது. ராகவா லாரன்ஸின் நாயகனுக்கு இரவில் கழிப்பறைக்குப் போகவும் துணை வேண்டும். சென்னையில் இது நகைச்சுவைக் காட்சி. லயம் எனும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஆவணப்படம். கழிப்பறை லயத்துக்குப் பின்னால் தனியே நின்ற நாளில் வாளி, டார்ச், துணைக்கு ஓர் ஆள் என்ற மூன்றும் சேராமல் யாரும் கிளம்பியதில்லை. அம்மாவாக வரும் கோவை சரளாவைப் பார்த்து வயதான பெண்கள் சிரிப்பதைவிடத் தலையசைப்பதே அதிகம்.

‘யாமிருக்க பயமே’, ‘அரண்மனை’ (இரண்டும் 2014) போன்ற பங்களாப் படங்களைப் பற்றிப் பட்டணத்து விமர்சகர் எழுப்பும் கேள்வி ஒன்றுண்டு: பேய் இருப்பது தெரிந்த பிறகும் ஏன் வீட்டைக் காலி செய்யவில்லை? தோட்டத்தில் அக்கேள்வி எழுவதே இல்லை. வேலை போனால் வீடும் போகும் என்ற ஏற்பாட்டில் வாழ்ந்தவர்களுக்கு, இருக்கிற வீட்டில் இருக்கிறதோடு இருப்பதுதான் குடித்தனம். லயம் இடிந்து தாமான் எனும் வீடமைப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகள் மட்டும் இதில் சற்று மாறுபடுகிறார்கள். தவணை கட்டி முடியாத வீட்டில் பேய்க்கு என்ன பாத்தியதை என்பது அவர்கள் வாதம்.

‘பீட்சா’ (2012) இவ்வட்டாரத்தில் இன்னும் தீராத வழக்கு. இவ்வளவு நேரம் பார்த்த பேய் நாயகன் கட்டிய கதை என்று தெரியவந்ததும், டிக்கெட் வாங்கியது பேய்க்கா பொய்க்கா என்ற கேள்வி எழுந்தது. ‘சந்திரமுகி’யிலும் பேய் இல்லைதான், ரஜினி இருந்ததால் யாரும் கணக்குக் கேட்கவில்லை. மிஷ்கினின் ‘பிசாசு’, நாயகனைக் குடிக்க விடாத பேய் என்ற ஒரே காரணத்தால் பெண்கள் தரப்பில் முதலிடம். ஆண்கள் அப்படத்தை மெதுவாகப் போகிறது என்பார்கள். எந்தப் படம் வந்தாலும் உரைகல் ஒன்றுதான்: ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சி. அங்கே பேயே கிடையாது. குரலும் கையும் பாலையாவின் முகமும்தான். செலவில்லாத அந்தப் பயத்தைக் கணினிப் பேய்கள் இன்னும் எட்டவில்லை என்பதில் மூன்று தலைமுறைக்கும் கருத்து வேறுபாடில்லை.

மொழி தடையில்லை. மாமாட் காலிட்டின் ‘ஹந்து காக் லிமா பாலேக் ரூமா’வை (2010) மலாய் நண்பர்களோடு சேர்ந்து சிரித்துப் பார்த்தவர்கள், தாய்லாந்தின் ‘பீ மாக்’ (2013) வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அதுவும் சிரிப்புப் படம்தான். ஆனால் எல்லைக்கு அப்பால் உள்ள சயாம் மந்திரத்தைப் பற்றிக் கெடாவில் யாரும் விளையாட்டாகப் பேசுவதில்லை.

இனிக் கல் கணக்கு. அரங்கு வாசலில் கருத்து ஒரே குரலில் வரும்: “சும்மா சிரிப்புப் படம்.” மாமாக் கடையில் தே தாரிக் வந்ததும் அது ஆராய்ச்சியாகும். செத்தவளுக்குப் புதுச் சேலை யார் எடுத்துக் கொடுத்தது, பழிவாங்கப் புறப்பட்ட பேய் நடுவில் ஏன் ஆடுகிறது என்றெல்லாம் கேட்பார்கள். பெருஞ்சாலையில் குரல் தேயும். சாலை விளக்கு முடியும் இடத்தில் மோட்டாரின் பின்னிருக்கையில் இருப்பவர் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காருவார். செம்பனை இருபுறமும் நிற்கும் மண்பாதையில் யாரும் எதுவும் சொல்வதில்லை. வெறும் பேய்ப் படம் என்றால் பார்ப்பவர் பல்லைக் கடித்துக்கொண்டு, முழுக் காவலோடு உட்கார்ந்திருப்பார். சிரிப்புப் படத்தில் காவலை இறக்கிவைத்து வாயைத் திறந்துவிடுகிறார். அந்த வழியாக உள்ளே போனது, சிரிப்பு அடங்கிய பிறகுதான் அசையத் தொடங்கும்.

வீட்டில் பதிவாகும் கருத்து ஒன்றே: “கதவைச் சாத்தினியா?” மறுநாள் காலை, “பயமா? எங்கே?” என்ற திருத்தப்பட்ட பதிப்பு பக்கத்து வீட்டுக்கு வழங்கப்படும். முன்வாசல் விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருக்கும்.