காறை எலும்பும் கௌரவமும்

மிதிவண்டியிலிருந்து விழுபவர் தரையைத் தடுத்து நிறுத்துவார்போலக் கையை நீட்டுவதும், அந்தக் கை வழியாகவோ நேரே தோளிலோ ஏறும் அடியைத் தாங்காமல் காறை எலும்பு, அதாவது மார்பெலும்பையும் தோள்பட்டையையும் இணைக்கும் மெலிந்த எலும்பு, முறிவதும் மிதிவண்டி உலகின் தொன்மையான வழக்கங்கள். பெரியவர்களுக்கு அது கூடப் பொதுவாக 6 முதல் 12 வாரங்கள் ஆகும். இக்காலத்தில் காயம்பட்டவருக்கு இருவகை மருத்துவம் கிடைக்கிறது: மருத்துவர் தருவது பெரும்பாலும் கையைத் தாங்கும் தொங்குகட்டும் பொறுமையும் மட்டுமே, பார்க்க வந்தவர்கள் தருவதோ புத்தூர்க் கட்டு, ஆட்டுக்கால் சூப்பு, பிரண்டைத் துவையல் என விரிந்து, "இந்த வயசுல சைக்கிள் எதுக்கு?" என்னும் வினாவில் நிறைவுறும்.

எலும்பு கூடியபின் முதலில் விதிக்கப்படுவது நிலைமிதிவண்டி, அதாவது எவ்வளவு மிதித்தாலும் வீட்டைவிட்டு நகராத வண்டி. அதில் விழ வழியில்லை என்பது அதன் சிறப்பு. பார்ப்பாரில்லை என்பது அதன் குறை. இக்குறையைப் பொறுக்காதவர்கள், 2003ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் தொடக்கத்திலேயே காறை எலும்பு முறிந்தும் டைலர் ஹாமில்டன் நான்காவதாக வந்ததை மேற்கோள் காட்டுவர். அவர் பின்னாளில் ஊக்கமருந்து உட்கொண்டதை ஒப்புக்கொண்ட செய்தி மட்டும் அவர்கள் நினைவில் தங்குவதில்லை.

சாலைக்குத் திரும்பியவருக்குரிய வரம்புகளில் தலையாயது வேகம். இயக்க ஆற்றல், அதாவது ஓடும் பொருள் தன் ஓட்டத்தால் பெறும் ஆற்றல், வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்வதால், மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்பவரைவிட 30 கி.மீ. வேகத்தில் செல்பவரிடம் நான்கு மடங்கு ஆற்றல் இருக்கிறது. மோதும்போது அது எங்கேனும் போய்ச் சேர்ந்தாக வேண்டும், பெரும்பாலும் உரியவரிடமே சேர்கிறது. மழையில் ஓட்டாமை, இருட்டுமுன் வீடு திரும்புதல் ஆகியவை பற்றி விளக்கம் வேண்டியதில்லை. இரு கைகளாலும் பிரேக்கை வலியின்றி முழுமையாக இறுக்க முடிகிறதா என்பதோ, மருத்துவரின் அனுமதிக்குப் பின்னும் வண்டியெடுக்கும் நாள்தோறும் சோதிக்கத்தக்கது.

ஆயினும் இவ்வரம்புகளை உடைப்பது பள்ளமோ தெருநாயோ அன்று. தலைக்கவசமும் பளபளக்கும் உடையும் விலையுயர்ந்த வண்டியுமாக ஒருவர் 15 கி.மீ. வேகத்தில் அடக்கமாகச் செல்கையில், இருபுறமும் பால்கேன் தொங்கவிட்ட பழைய சைக்கிளில், வேட்டியை மடித்துக் கட்டிய முதியவர் ஒருவர் மணியடித்து முந்திச் செல்வார். அறிவியல் முழுவதும் அக்கணத்தில் காற்றில் பறக்கிறது, மிதி வேகமெடுக்கிறது. எலும்பு கூடச் சில மாதங்கள் போதும், கௌரவம் கூடுவதற்கு மருத்துவ நூல்கள் கால அளவு குறிக்கவில்லை. ஆதலால், மணியோசை கேட்டால் இடப்புறம் ஒதுங்கிப் பால்காரருக்கு வழிவிடுக. அவர் போக வேண்டிய வீடுகள் பல.